அடப்டரின் கழுத்தில் ஒளிந்திருந்த பழுது

வெள்ளவத்தையிலிருந்து:

கடந்த மாதம் ஒரு புதன்கிழமை இரவு, மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய காணி உறுதியொன்றின் மொழிபெயர்ப்பைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தபோது, என் மடிக்கணினியின் திரை திடீரென மங்கியது. அடப்டர் சுவரில் செருகியபடியே இருந்தது, அதன் பச்சை விளக்கும் எரிந்தது, ஆனால் பற்றரி சார்ஜ் ஏறாமல் 9 சதவீதத்தில் நின்றது. வயரை, மடிக்கணினியில் செருகும் முனைப் பக்கத்தில் சற்று வலப்புறமாக வளைத்துப் பிடித்தால் சார்ஜ் ஏறியது, கையை எடுத்தால் நின்றுவிட்டது. மீதமிருந்த நான்கு பக்கங்களையும் எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், வளைத்த வயரின் மேல் தடித்த அகராதியொன்றைத் தூக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அது எவ்வளவு ஆபத்தான செயல் என்பது இரண்டு நாள் கழித்தே எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுசென்றேன். அங்கிருந்த தம்பி அடப்டரின் முனையில் பல்மானியை (மின்னை அளக்கும் மல்ரிமீற்றர்) வைத்தார். 19.4 வோல்ற்று காட்டியது. உறையில் அச்சிட்டிருந்தது 19.5. "அடப்டர் நல்லா இருக்கு அக்கா, போர்டிலதான் பிழை" என்றார். தாய்ப்பலகையின் மின்வழங்கற் பகுதியைத் திருத்த 38,000 ரூபாவும் ஒரு வாரமும் ஆகும் என்றார்கள். அவர்கள் என்னை ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தச் சுமையும் இல்லாத நிலையில் அளந்த ஓர் எண்ணை வைத்து முடிவெடுத்தார்கள் என்பதே என் மனக்குறை, இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில், தொலைத்தொடர்புத் துறையில் தொழினுட்பவியலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவரை அங்கிள் என்றுதான் அழைப்போம். விடயத்தைச் சொன்னதும் அவர், "பிள்ளை, குழாயில தண்ணி நிக்குதா எண்டு பாக்கிறது வேற, வாளி நிரம்புதா எண்டு பாக்கிறது வேற. அடப்டரைக் கொண்டு வாங்கோ" என்றார்.

அவர் முதலில் தொட்டது, சுவரிலிருந்து அடப்டருக்கு வரும் தடித்த வயரை. அதைக் கழற்றித் தம்முடைய மடிக்கணினியின் வயரை மாட்டிப் பார்த்தார், மாற்றம் இல்லை. பிறகு சதுர முனைப் பிளக்கைத் திறந்து பியூஸைச் சோதித்தார். அதனுள் 13 அம்பியர் பியூஸ் இருந்தது. இத்தகைய வயருக்கு 3 அம்பியர் போதுமென்றும், பெரிய பியூஸ் கிடந்தால் வயர் சூடேறி உருகும்வரை அது அறுந்துகொடுக்காதென்றும் சொல்லி, அதை அப்போதே மாற்றினார். கடல் பக்கத்து வீடென்பதால் பிளக்கின் பித்தளை முனைகளில் பச்சை படிந்திருந்தது. அதையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தார்.

அடுத்து அவர் செய்ததை அந்தக் கடையில் செய்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். முச்சக்கர வண்டியின் பின்பக்க பிரேக் விளக்குக்குப் போடும் 12 வோல்ற்று, 21 வாற்று மின்குமிழ்கள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்நிலையில் இணைத்து, அவற்றை அடப்டரின் முனையோடு தொடுத்தார். நல்ல அடப்டராக இருந்தால் இவ்விரண்டும் சேர்ந்து ஒன்றரை அம்பியரளவு மின்னோட்டத்தை இழுத்து வெளிச்சமாக எரிய வேண்டும். குமிழ்கள் குளிர்ந்திருக்கும்போது முதற் கணத்தில் அவை இழுக்கும் மின்னோட்டம் மிக அதிகம் என்பதால், சில அடப்டர்கள் ஒருமுறை தம்மைத் தாமே வெட்டிவிட்டு மீண்டும் எழும் என்றும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொன்னார்.

குமிழ்கள் எரிந்தன, ஆனால் அணையப்போகும் தணல்போலச் சிவந்துதான் எரிந்தன. குமிழ்களின் இரு முனைகளிலும் பல்மானியை வைத்தபோது 11 வோல்ற்று மட்டுமே இருந்தது. பிறகு அவர் வயரை முனையிலிருந்து பின்னோக்கி இரண்டு விரல்களுக்கிடையே மெல்ல நகர்த்தி வளைத்துக்கொண்டே வந்தார். றப்பர்க் கழுத்து முடியும் இடத்திலிருந்து ஓர் அங்குலத்தில் விரல் வந்ததும் குமிழ்கள் இரண்டும் பளிச்சென்று வெள்ளையாக எரிந்தன, பல்மானி 19.1க்குத் தாவியது. விரலைத் தளர்த்தினார், மீண்டும் சிவப்பு. "தொட்டுப் பாருங்கோ" என்றார். அந்த ஓர் அங்குலம் மட்டும் சுட்டது. 8 வோல்ற்றுக்கு மேல் அந்த இடத்திலேயே வீணாகிறது, ஓர் அம்பியருக்குச் சற்று மேலான மின்னோட்டம் பாய்கிறது, ஆகவே கிட்டத்தட்ட 9 வாற்று வெப்பம் ஒரு விரற்கடை வயருக்குள் அடைபட்டிருக்கிறது என்று அவர் கணக்குச் சொன்னபோது, புதன்கிழமை இரவு அதன்மேல் அகராதியை வைத்து மூடியது நினைவுக்கு வந்து என் கை நடுங்கியது.

பிளேடினால் உறையைக் கீறித் திறந்தார். இந்த வயருக்குள் நாம் நினைப்பதுபோல் இரண்டு வயர்கள் அருகருகே ஓடுவதில்லை. நடுவில் உறையிட்ட ஒரு வயர் நேர் முனையாகவும், அதைச் சுற்றி வலைபோல் பின்னிய மெல்லிய செப்பு இழைகள் எதிர் முனையாகவும் இருக்கின்றன. அந்தப் பின்னலில் ஓர் இழைகூட முழுதாக நிற்கவில்லை, அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன. அவை கறுத்துப்போய், நகத்தால் தொட்டதும் தூளாக உதிர்ந்தன. சுமை இல்லாதபோது அந்த அரைகுறைத் தொடுகையே 19.4 வோல்ற்றைக் குறையாமல் பல்மானிக்குக் கொண்டுசேர்க்கப் போதுமானது. அதனால்தான் கடையில் அடப்டர் நல்லதாகத் தெரிந்தது.

இழைகள் அறுந்ததற்குக் காரணம் நான்தான் என்று நம்புகிறேன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், மின்சாரம் இருக்கும் வீடு தேடி உறவினர் வீடுகளுக்கு மடிக்கணினியைத் தூக்கிச் சென்றேன். ஒவ்வொரு முறையும் வயரை அடப்டரின் மேல் இறுக்கிச் சுற்றி, முனையைக் கடைசிச் சுற்றுக்குள் செருகிவைப்பேன். அந்த மடிப்பு விழுந்த இடமும் இந்த ஓர் அங்குலமும் ஒன்றேதான். இப்போது வயரைக் கை அகலத்துக்குத் தளர்வாக வளையமிட்டு வைக்கிறேன், முனைப் பக்கத்தை மடிப்பதே இல்லை.

சனிக்கிழமை 101 பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், அதே பருமனுள்ள முனையோடு வார்த்த புதிய வயரொன்றை வாங்கிவந்தேன். பழைய முனையைக் கையில் கொண்டுபோனது நல்லதாயிற்று, ஏனென்றால் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் முனைகள் உள்விட்டத்தில் அரை மில்லிமீற்றர் வேறுபடுகின்றன. அங்கிள் பழுதான பகுதியை வெட்டியெறிந்து, உள் வயரின் இணைப்பும் வெளிப் பின்னலின் இணைப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி ஒன்றரைச் சென்ரிமீற்றர் தள்ளித் தள்ளி முறுக்கி, பற்றாசு (சோல்டர்) வைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் தனித்தனியே மூடினார். மடிக்கணினியில் செருகுவதற்கு முன் நேரும் எதிரும் மாறவில்லை என்பதை இரண்டு முறை அளந்தார். என்னுடையதில் உள்துளை நேர், வெளி உருளை எதிர். துளை சிறிதாகையால் பல்மானியின் கம்பி நுழையவில்லை, ஒரு தையல் ஊசியை உள்ளே விட்டு அதன்மேல் அளந்தார். மின்குமிழ்ச் சோதனையில் 19.1. அடுத்த ஒரு மணித்தியாலம் மடிக்கணினியை ஓடவிட்டு, இணைப்பை அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். சூடு இல்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்து நாடே இருளில் மூழ்கிய ஞாயிற்றுக்கிழமை, மின்சாரம் திரும்பிய பின் என் அடப்டரின் விளக்கு எரியவில்லை. எரிந்துபோய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்று வாங்கினேன். பல மாதங்கள் கழித்துப் பழைய பிளக்கைத் திறந்தபோது பியூஸ் மட்டுமே போயிருந்ததைக் கண்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொன்று. நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு மிகப் பழையது, சொக்கெற்றுகள் பெரும்பாலும் வட்ட முனையுள்ளவை. சார்ஜில் இருக்கும்போது மடிக்கணினியின் உலோக உடலில் மணிக்கட்டுப் பட்டால் எறும்பு ஊர்வதுபோல் ஒரு கூச்சம் வரும். அடப்டரிலிருந்து மின் கசிகிறது என்று பயந்து இரண்டு முறை மாற்றினேன், கூச்சம் மாறவில்லை. கடைசியில் வந்த மின்னிணைப்பாளர் அடப்டரைத் தொடவே இல்லை, நேரே சொக்கெற்றைக் கழற்றினார். உள்ளே புவித்தொடுப்பு (ஏர்த்) வயர் எதிலும் இணைக்கப்படாமல் வெறுமனே சுருண்டு கிடந்தது. அடப்டருக்குள் மின்னிரைச்சலைக் குறைப்பதற்காக, சுவர்ப் பக்கத்துக்கும் மடிக்கணினிப் பக்கத்துக்கும் இடையே சிறிய கொள்ளளவியொன்றை (மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் உறுப்பு) வைத்திருக்கிறார்களாம். அதன் வழியே வரும் மிகச் சிறிய மின்னோட்டம் நிலத்துக்குப் போக வழியில்லாதபோது நம் கையைத் தேடி வருகிறது. புவித்தொடுப்போடு 13 அம்பியர் சதுர முனைச் சொக்கெற் பொருத்திய அன்றே கூச்சம் நின்றது. நான் வீணாக மாற்றிய இரண்டு அடப்டர்களும் நல்லவை.

தெகிவளையிலிருந்து:

வெள்ளவத்தை அக்காவுக்குப் பல்மானி நல்லதென்று காட்டிய அடப்டர் கெட்டிருந்தது. எனக்கு நேர்மாறாக நடந்தது. என் அண்ணாவின் யூஎஸ்பி-சி சார்ஜர் வேலை செய்யவில்லை என்று அதன் துளையில் பல்மானியை வைத்து அளந்தேன், பூச்சியம் காட்டியது. செத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் படித்து அறிந்தேன்: இந்த வகைச் சார்ஜர், மறுமுனையில் ஒரு சாதனம் இருப்பதை வயருக்குள் ஓடும் தனியொரு மெல்லிய கம்பி வழியாக உணர்ந்த பின்னரே மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. முதலில் 5 வோல்ற்று, இரண்டும் பேசி இணங்கிய பிறகு 9, 15, 20 என்று உயர்கிறது. வெறும் துளையில் பூச்சியம் இருப்பதே முறை. வயரை மாற்றியதும் சார்ஜர் ஒழுங்காக வேலை செய்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரு முனையும் யூஎஸ்பி-சி ஆன சாதாரண வயர் 3 அம்பியருக்கு மேல் கொண்டுபோகாது, அதாவது 20 வோல்ற்றில் 60 வாற்று. 100 வாற்றுச் சார்ஜர் வாங்கிவிட்டு, அதற்கு ஏற்ற 5 அம்பியர் வயரை வாங்காமல், சார்ஜர் மெதுவாக வேலை செய்கிறது என்று குறைபட்டவர்களில் நானும் ஒருவன்.

பம்பலப்பிட்டியிலிருந்து:

நான் இத்தொழிலைச் செய்பவன் என்பதால் மூன்று விடயங்களைச் சேர்க்கிறேன். முதலாவது, நடுவில் ஊசி உள்ள முனைகளைப் பற்றியது. அவற்றில் பலவற்றில் நேர், எதிர் தவிர, நூல்போல மூன்றாவது கம்பியொன்று உண்டு. அடப்டர் எத்தனை வாற்று என்பதை மடிக்கணினிக்குச் சொல்வது அதன் வேலை. அதை இணைக்காமல் விட்டாலோ அது தனியே அறுந்தாலோ, மின்சாரம் வரும், கணினி ஓடும், ஆனால் அடப்டரின் வகையை அறிய முடியவில்லை என்ற செய்தி தோன்றும், பற்றரி ஏறாது, கணினியின் வேகமும் குறையும். என்னிடம் "வைரஸ்" என்று கொண்டுவந்த ஒரு மடிக்கணினியின் நோய் இதுவாகத்தான் இருந்தது.

இரண்டாவது, அந்தப் பெரியவர் செய்த இணைப்பில் எனக்கு ஒரேயொரு திருத்தம் உண்டு. பற்றாசு இழைகளுக்குள் ஊறிய நீளம் முழுவதும் கம்பிபோல் விறைத்துவிடும். விறைப்பு முடிந்து மென்மை தொடங்கும் எல்லையில் வயர் வளைந்தால், நாளடைவில் அந்த இடத்திலேயே மறுபடி அறும். ஆகவே இணைப்பின் இருபுறமும் இரண்டிரண்டு சென்ரிமீற்றர் தாண்டும்படி, பெரிய விட்டமுள்ள சுருங்கு குழாயொன்றை மேலே போட்டு, வளைவை அந்த எல்லையிலிருந்து தள்ளிவிடுங்கள்.

மூன்றாவது, அறுந்த இடம் அடப்டர்ப் பெட்டியின் வாயிலேயே இருந்தால் பெட்டியைத் திறக்க முயல வேண்டாம். அது திருகாணி இல்லாமல் ஒட்டவைத்து மூடப்பட்டது, உடைத்தே திறக்க வேண்டும். 230 வோல்ற்று ஆடலோட்டம் (ஏசி) உள்ளே நேரோட்டமாக (டிசி) மாறும்போது பெரிய கொள்ளளவியில் ஏறக்குறைய 325 வோல்ற்று நிற்கும், சில வகைகளில் அதற்கும் மேல். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது உடனே இறங்கும் என்று நம்பக்கூடாது. நான் கூட அதன் மின்னிறக்கத்தை அளந்து உறுதிசெய்யாமல் விரல் வைப்பதில்லை. வெளியே பெட்டியருகில் இரண்டங்குல வயர் நல்லதாக மிஞ்சியிருந்தால் அதில் இணைக்கலாம், இல்லையென்றால் வோல்ற்று அதே அளவும், அம்பியர் அதே அளவோ கூடவோ உள்ள வேறொன்றை வாங்குங்கள்.

மீண்டும் வெள்ளவத்தையிலிருந்து:

பம்பலப்பிட்டித் தம்பிக்கு நன்றி. நேற்று அங்கிளிடம் இதை வாசித்துக் காட்டினேன். "அவர் சொல்றது சரி" என்று உடனே ஒப்புக்கொண்டார். வெளிக் குழாயை முன்பே நுழைக்காததால் இணைப்பை மறுபடி வெட்டித்தான் அதைப் போட முடிந்தது. மின்குமிழ்களை வைத்துப் பார்த்தோம், மீண்டும் 19.1. அந்த இரண்டு குமிழ்களையும் ஒரு பலகைத் துண்டில் பொருத்தி என்னிடமே தந்துவிட்டார். வெள்ளவத்தைப் பக்கம் யாருக்காவது அடப்டரைச் சோதிக்க வேண்டியிருந்தால் கொண்டுவாருங்கள், சனிக்கிழமை பிற்பகல்களில் வீட்டில்தான் இருப்பேன்.