உடற்பயிற்சிக்கு விலை குறைந்த வயர் ஹெட்போன்: காதை அடைப்பதா, திறந்து விடுவதா?

தளிர்நடை:
வாரத்தில் சில நாள் சாலையில் ஓடுகிறேன், மற்ற நாள் ஜிம்மில் எடை. இதுவரை வைத்திருந்த ப்ளூடூத் இயர்பட்ஸில் வலது பக்கம் பாதி ஓட்டத்திலேயே அணைந்துவிடுகிறது, சார்ஜ் நிற்பதில்லை. பேட்டரியை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டால், ஒட்டி மூடியதைத் திறந்தால் உடைந்துதான் போகும் என்கிறார்கள். பாட்டு கேட்கும் பகுதிக்கு ஒரு குறையும் இல்லை. பொட்டளவு பேட்டரிக்காக முழுப் பொருளையும் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது. அதனால் இனி வயர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். விலை குறைவாக இருக்க வேண்டும், வியர்வையைத் தாங்க வேண்டும், ஓடும்போது கழன்று விழக் கூடாது. போனில் 3.5 மி.மீ. துளை கிடையாது, யூஎஸ்பி-சி மட்டும்தான். எந்த வகை வாங்கலாம்?

இரும்புப்பிடி:
முதலில் அந்த முடிவையே மறுபடி யோசியுங்கள். ஓட்டத்துக்கு வயர் சரி என்றே வைத்துக்கொள்வோம். எடை தூக்கும் இடத்தில் அது ஆபத்து. நான் போகும் ஜிம்மில் ஒரு பையன் பெஞ்சில் படுத்து பாரை இறக்கும்போது, நெஞ்சின் மேல் கிடந்த வயர் அவன் விரலுக்கும் பாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மேலே தள்ளியதும் இயர்போன் காதைப் பிடித்து இழுக்க, அவன் தலையைத் திருப்பினான், பார் ஒரு பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் ஆள் இருந்ததால் பிடித்துவிட்டோம். டிரெட்மில்லில் கை வீச்சில் வயர் சிக்கினால் போன் பெல்ட்டில் விழுந்து பின்னால் பறக்கும். பேட்டரிதான் கவலை என்றால் கழுத்தில் மாட்டும் ப்ளூடூத் நெக்பேண்ட் வாங்குங்கள். பேட்டரி பெரியது, ஒரே விலையில் இயர்பட்ஸைவிட அதிக நாள் வரும்.

செம்புக்கம்பி:
நெக்பேண்டிலும் இருப்பது அதே லித்தியம் பேட்டரிதானே? ஏற்றி இறக்க இறக்க அதன் கொள்ளளவு குறையத்தான் செய்யும். தளிர்நடை எதைத் தவிர்க்க நினைக்கிறாரோ அதையே கொஞ்சம் தள்ளிப் போடுகிறீர்கள்.

பெஞ்சில் நடந்ததற்குக் காரணம் வயர் வெளியே தொங்கியது. உடற்பயிற்சிக்கு வயர் போடுகிறவர் அதைச் சட்டைக்குள் விட வேண்டும். போன் இடுப்புப் பையில், வயர் முதுகுப் பக்கமாகச் சட்டைக்குள் ஏறி, கழுத்துக்குப் பின்னால் வெளியே வந்து காதின் மேலாகச் சுற்றி இறங்க வேண்டும். அப்படிப் போட்டால் நெஞ்சின் மேல் ஒரு இழைகூட இருக்காது.

இந்தச் சுற்றுக்கு இன்னொரு பலனும் உண்டு. வயர் நேராகத் தொங்கினால் துணியில் உரசும் சத்தம் அதன் வழியே ஏறி, ஒவ்வொரு அடிக்கும் சரசரவென்று காதில் கேட்கும். காதின் மேலாகச் சுற்றினால் அந்த அதிர்வு காது மடலிலேயே அடங்கிவிடும். கழுத்துப் பட்டியில் ஒரு கிளிப்பும் போட்டுவிட்டால் உரசல் பெரும்பாலும் தெரியாது.

ஆகவே என் பரிந்துரை: காதின் மேல் சுற்றும்படி கொக்கியோ வளைந்த வயரோ உள்ள, சிலிக்கான் முனை வைத்த இன்-இயர், அதாவது காதுத் துளைக்குள் செருகி அடைக்கும் வகை. பெட்டியில் வரும் முனைகளில் எல்லா அளவையும் மாட்டிப் பாருங்கள். பலருக்கு இடது காதுக்கு ஒரு அளவு, வலது காதுக்கு வேறு அளவு பொருந்தும். முனை சரியாக அடைக்காவிட்டால் பேஸ் என்ற தாழ்ந்த ஒலி காணாமல் போகும், இயர்போனும் கழன்று கழன்று விழும். ஒலி மோசம் என்று திட்டு வாங்கும் மலிவு இயர்போன்களில் பாதி, தவறான அளவு முனையோடு மாட்டப்பட்டவை என்பது என் எண்ணம்.

காற்றுவெளி:
செம்புக்கம்பி சொன்ன வயர் போடும் முறையை அப்படியே ஏற்கிறேன். இன்-இயர் என்ற முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

காதை அடைத்துக்கொண்டு ஓடிப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் தலைக்குள் தொம் தொம் என்று இடிக்கும். வயரை என்ன செய்தாலும் அது போகாது, ஏனென்றால் அந்தச் சத்தம் எலும்பு வழியே வருகிறது. காது திறந்திருந்தால் வெளியே போய்விடும் தாழ்ந்த ஒலி, துளையை அடைத்ததும் உள்ளேயே தங்கிப் பெரிதாகிறது. சொந்த மூச்சும் அப்படித்தான் கேட்கும். ஒரு விரலைக் காதில் வைத்துக்கொண்டு குதிகாலைத் தரையில் தட்டினாலே புரியும்.

அதைவிட முக்கியமானது சாலை. பின்னால் வரும் வண்டியை முதலில் சொல்வது காதுதான், கண் இல்லை. மின்சார வண்டிகள் மெதுவாக வரும்போது சத்தமே குறைவு. அதையும் அடைத்துவிட்டு ஓடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

காது மடலில் கொக்கி போட்டு மாட்டும் திறந்த வகை இருக்கிறது. கோஸ் நிறுவனத்தின் கேஎஸ்சி75 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. துளைக்குள் எதுவும் போகாது, மெல்லிய ஸ்பாஞ்சு வட்டம் காதின் மேல் உட்காரும், அவ்வளவுதான். அதன் மின்தடை 60 ஓம். வழக்கமான இன்-இயர்கள் 16 முதல் 32 ஓம் இருக்கும் என்பதால், இவ்வளவு தடைக்குப் போனின் சக்தி போதாதோ என்று சிலர் தயங்குகிறார்கள். ஆனால் ஒரு மில்லிவாட் மின்சக்திக்கே 101 டெசிபெல் சத்தம் தரும் என்பதால் சாதாரண போனே அதற்குத் தாராளம். மலிவு வகைதான் என்றாலும் பல வருடமாக ஒலிக்காகவே பேசப்படுவது.

செம்புக்கம்பி:
ஜிம்மில் என்ன செய்வீர்கள்? அங்கே ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு, எடைகள் விழும் சத்தம், மின்விசிறிகள். திறந்த ஹெட்போன் இதில் எதையும் தடுக்காது. அப்போது கை தானாக வால்யூமைக் கூட்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10, 89-க்கு 5, 92-க்கு இரண்டரை மணிதான். ஜிம் சத்தத்துக்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமென்று 92-க்கு ஏற்றுகிறவர் இரண்டு மூன்று நாளிலேயே வாரக் கணக்கை முடித்துவிடுவார். நன்றாக அடைக்கும் முனை வெளிச்சத்தத்தைக் கணிசமாகக் குறைப்பதால், வால்யூமைப் பாதியில் வைத்தே கேட்கலாம். கேள்விப்புலன் போனால் திரும்பாது. சாலைப் பாதுகாப்புக்கு நீங்கள் கொடுக்கும் அக்கறையை இதற்கும் கொடுக்க வேண்டும்.

தொம் தொம் உண்மைதான், மறுக்கவில்லை. முனையைச் சற்று ஆழமாக உட்கார வைத்தால் குறையும். எல்லார் காதும் அதற்கு ஒத்துழைக்காது என்பதும் தெரியும்.

காற்றுவெளி:
ஜிம் விஷயத்தில் உங்கள் கணக்கு சரி. ஆனால் காலை நேரச் சாலையில் ஓடுகிறவருக்கு அந்தக் கணக்கு வராது, அங்கே குறைந்த வால்யூமே போதும். தளிர்நடை இரண்டும் செய்கிறார். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வண்டி வரும் இடத்துக்கு ஏற்றதைத்தான் நான் முதலில் எடுப்பேன். ஜிம்மில் பாட்டு கேட்காமலேயே இருக்கலாம், சாலையில் காது கேட்காமல் இருக்கக் கூடாது.

காதின் ஈரத்தையும் யோசியுங்கள். வியர்த்த காதை ஒரு மணி நேரம் அடைத்து வைத்தால் உள்ளே ஈரமும் சூடும் தங்கும். அடிக்கடி அரிப்போ வெளிக்காதுத் தொற்றோ வருகிறவர்கள் அடைப்பு வகையைத் தவிர்ப்பதே நல்லது.

வேர்வைத்துளி:
நான் பழைய ஹெட்போன்களைப் பிரித்துச் சரி செய்கிறவள். நீங்கள் எல்லாரும் காதையே பார்க்கிறீர்கள். மலிவு வயர் ஹெட்போன் சாவது வேறு இரண்டு இடங்களில்.

முதல் இடம் மைக் பெட்டி. வயரின் நடுவில் பொத்தானோடு இருக்கிறதே, அது. போன் அந்தப் பொத்தானை எப்படி அறிகிறது தெரியுமா? மைக் கம்பிக்கும் தரைக் கம்பிக்கும் இடையில் மின்தடை மாறுவதைப் பார்த்துத்தான். இரண்டையும் நேராக இணைத்தால் அது நிறுத்து அல்லது ஓட்டு, நடுவில் குறிப்பிட்ட அளவு தடை இருந்தால் வால்யூம். வியர்வை உப்புத் தண்ணீர், மின்சாரத்தைக் கடத்தும். அது பெட்டிக்குள் இறங்கிவிட்டால் யாரும் தொடாமலேயே பாட்டு நிற்கும், வால்யூம் ஏறும், குரல் உதவியாளர் திடீரென்று எழுந்து பேசும். போன் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அந்தப் பெட்டியைத் திறந்தால் உள்ளே சாலிடர் புள்ளிகள் பச்சை பூத்திருக்கும். பயிற்சிக்கு மட்டும் என்றால் மைக் இல்லாததை வாங்குங்கள், கெட்டுப்போக ஒரு பாகம் குறையும்.

இரண்டாவது பிளக்கின் கழுத்து. நேரான பிளக் பைக்குள் இருந்தால் குனிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரே இடத்தில் வயர் மடங்கும். மேலே ரப்பர் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். பிறகு வயரை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் ஒரு பக்கம் கேட்கும். எல் வடிவ பிளக் உள்ளதைப் பார்த்து எடுங்கள்.

இரும்புப்பிடி:
வியர்வை என்றதும் கேட்கிறேன், தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐபி மதிப்பில் ஐபிஎக்ஸ்7 போட்டதை வாங்கிவிட்டால் கவலையில்லையே? ஜேபிஎல்லின் என்டூரன்ஸ் ரன் போல வயர் வகையிலும் ஐபி மதிப்பு போட்டு வருகிறதே.

வேர்வைத்துளி:
என்டூரன்ஸ் ரன் ஐபிஎக்ஸ்5, அது போதும். ஐபிஎக்ஸ்4 எந்தத் திசையிலிருந்து தெளித்தாலும் தாங்கும், 5 பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். ஓடுகிறவர் தண்ணீருக்குள் போவதில்லை, அதனால் 7-ஐத் தேடிக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். அந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை என்பதையும் நினைவில் வையுங்கள். வியர்வையின் உப்பு காய்ந்து படிந்தால் எந்த எண் போட்டிருந்தாலும் உலோகத்தை அரிக்கும். பயிற்சி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, காற்றில் உலரவிட்டு, அப்புறம் பையில் போடுங்கள். சிலிக்கான் முனையைக் கழற்றி சோப்பு நீரில் கழுவலாம். ஃபோம் முனை வியர்வையை உறிஞ்சும், பயிற்சிக்கு அது வேண்டாம்.

வயரைக் கழற்றி மாற்றும் வகை பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயர் அறுந்தால் வயரை மட்டும் மாற்றலாம் என்பது பெரிய லாபம், ஆனால் வியர்வை படும் இணைப்பு முனை அரித்துத் தொடர்பு விட்டுவிட்டு வரும். கழற்றித் துடைக்கும் பொறுமை இருந்தால் மட்டும் எடுங்கள்.

இரும்புப்பிடி:
சரி, மைக் இல்லாதது, எல் பிளக், சட்டைக்குள் வயர் என்பதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். பெஞ்சிலும் தலைக்கு மேல் பாரைத் தூக்கும்போதும் வயர் கூடாது என்பதில் மாற மாட்டேன். சட்டைக்குள் விட்ட வயரும் படுத்து எழும்போது மெல்ல மெல்ல வெளியே வரும்.

தளிர்நடை:
எல்லாரும் இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. சாலைதான் எனக்குப் பெரிய கவலை, அங்கேதான் அதிக நேரம் போகிறது. அதனால் மைக் இல்லாத, கொக்கி மாட்டும் திறந்த வகையை முதலில் வாங்குகிறேன். பெஞ்சில் படுக்கும்போதும் தலைக்கு மேல் எடை தூக்கும்போதும் கழற்றி வைத்துவிடுகிறேன். ஜிம்மில் சத்தம் தாங்க முடியவில்லை என்றால் பிறகு ஒரு மலிவு இன்-இயர். யூஎஸ்பி-சி அடாப்டர் எதுவானாலும் வேலை செய்யுமா?

செம்புக்கம்பி:
இல்லை, இதில் கவனம் தேவை. அடாப்டரில் இரண்டு வகை. ஒன்று வெறும் கம்பி இணைப்பு, போனே ஒலியை அனலாகாக மாற்றித் தந்தால்தான் அது பேசும். பல போன்கள் அப்படித் தருவதில்லை. இன்னொன்றில் அந்த மாற்றும் வேலையைச் செய்யும் டிஏசி என்ற சின்ன சிப் உள்ளேயே இருக்கும், அது ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓடும். பெட்டியில் டிஏசி என்று போட்டிருப்பதை எடுங்கள். அடாப்டரை ஆடவிடாமல் இடுப்புப் பைக்குள்ளேயே போனோடு சேர்த்து வையுங்கள். ஓட்டத்தின் குலுக்கல் எல்லாம் போனின் யூஎஸ்பி துளையில் விழுந்தால் அந்தத் துளை தளர்ந்துவிடும், அப்புறம் சார்ஜும் சரியாக ஏறாது.