ஏஜிவி ஓட பிரைவேட் 5ஜி வேணுமா, இருக்கிற வைஃபையைச் சரிபண்ணினா போதாதா?

கேள்விக்குறி:
வணக்கம். ஆட்டோ உதிரிபாக ஆலை ஒன்றுக்கான திட்டம். வைஃபை, 5ஜி என இரண்டு கட்சிக்காரர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

கூடம் 220 × 110 மீட்டர், கூரை 11 மீட்டர் உயரம். பாதி இடத்தில் ரேக், மீதியில் பிரஸ் மெஷின்கள். 32 ஏஜிவி (ஓட்டுநர் இல்லாமல் சரக்கு சுமக்கும்) வண்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன பிஎல்சி (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி), அது தரையில் இருக்கும் பெரிய பிஎல்சியோடு புரொஃபிநெட் என்ற தொழிற்சாலை நெட்வொர்க் முறையில் பேசுகிறது (32 மில்லி நொடிக்கு ஒரு அப்டேட்). அவசர நிறுத்தம், அதன் பாதுகாப்பு வடிவமான புரொஃபிசேஃப் வழியாக. இதுபோக 60 தரச்சோதனை கேமரா, ஒவ்வொன்றுக்கும் 4 எம்பிபிஎஸ். தற்போது வைஃபை 5, 18 ஆக்சஸ் பாயின்ட். ஷிஃப்டுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ஏதாவது ஒரு வண்டி நடுவழியில் நின்றுவிடுகிறது. "ஆலைக்கென்றே தனியாகப் பிரைவேட் 5ஜி போட்டுவிடலாம்" என்கிறது மேலிடம். போடலாமா?

அலைவாங்கி:
போடலாம். காரணம் வேகம் இல்லை, யார் முடிவெடுக்கிறார்கள் என்பது. வைஃபையில் எந்த ஆக்சஸ் பாயின்ட்டை விட்டு எதற்குத் தாவுவது என்று வண்டியில் இருக்கும் ரேடியோ தானே தீர்மானிக்கிறது. பழையதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போகும், சிக்னல் அறுந்த பிறகு விழித்துக்கொள்ளும். 5ஜியில் அளவெடுத்துச் சொல்வதுதான் கருவியின் வேலை, எப்போது மாறுவது என்பது நெட்வொர்க்கின் முடிவு. அடுத்து, வைஃபையில் எல்லோரும் "யாராவது பேசுகிறார்களா" என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். கூட்டம் கூடினால் காத்திருப்பும் கூடும். 5ஜியில் யாருக்கு எந்த அரை மில்லி நொடி என்பதை ரேடியோவே பிரித்துக் கொடுக்கிறது. 18 ஆக்சஸ் பாயின்ட் இருக்கும் இடத்துக்கு 4 முதல் 6 ரேடியோ போதும்.

செப்புக்கம்பி:
வந்துட்டாரு. வண்டி ஏன் நிக்குதுன்னு ஒருத்தரும் கேக்கல, அதுக்குள்ள மருந்துச்சீட்டு!

கேள்விக்குறி, முதல்ல ஒண்ணு பாருங்க. ஏஜிவி வைஃபை ரேடியோவோட ஸ்கேன் லிஸ்ட்ல (தாவுறதுக்கு முன்னாடி தேடிப் பாக்குற சேனல் பட்டியல்) எல்லா சேனலும் டிக் பண்ணியிருக்கா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ்ல 52லேர்ந்து 64 வரைக்கும், 100லேர்ந்து 144 வரைக்கும் ரேடாரோட பங்கு போட்டுக்கிற சேனல்கள். மொத்தம் 16. இதுல கிளையன்ட் (வண்டியில இருக்கிற ரேடியோ) முந்திக்கிட்டு "யாராவது இருக்கீங்களா"ன்னு கூப்பிடக் கூடாது, பீக்கன் (ஆக்சஸ் பாயின்ட் விடுற 'நான் இருக்கேன்' சிக்னல்) வர்ற வரைக்கும் சும்மா காத்திருக்கணும். பீக்கன் 102.4 மில்லி நொடிக்கு ஒண்ணு. 16 சேனலையும் சுத்தி வந்தா ஒண்ணரை நொடிக்கு மேல போயிடும். புரொஃபிநெட் வாட்ச்டாக் மாத்தாம விட்டிருந்தா 32 × 3 = 96 மில்லி நொடி. அதுக்குள்ள பாக்கெட் வரலைன்னா பிஎல்சி இணைப்பை அறுத்துடும், வண்டி நிக்கும். இதுக்கு 5ஜி எதுக்கு?

செய்ய வேண்டியது இதுதான்:
வண்டிங்களுக்குத் தனி எஸ்எஸ்ஐடி (வைஃபை பேரு). ரேடார் இல்லாத 36, 40, 44, 48, 149, 153, 157, 161 இவ்வளவுதான், எல்லாம் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல. ஸ்கேன் லிஸ்ட்லயும் அதே எட்டுதான், ஒண்ணுகூட அதிகமா வேண்டாம்.
802.11ஆர் (சீக்கிரமாத் தாவ வைக்கிற வசதி) ரெண்டு பக்கமும் ஆன் பண்ணுங்க, இல்லைன்னா ஒவ்வொரு தாவலுக்கும் முழு சாவிப் பரிமாற்றம் நடக்கும்.
ஆக்சஸ் பாயின்ட் பவரைக் குறைங்க. அது 23 டிபிஎம்ல கத்தும், வண்டி 15ல முனகும். வண்டிக்கு அது கேக்கும், அதுக்கு வண்டி கேக்காது. சிக்னல் கட்டை முழுசாக் காட்டும், பாக்கெட் மட்டும் போகாது. ரெண்டு பக்கமும் 15க்குக் கொண்டுவாங்க.
12 எம்பிபிஎஸ்க்குக் கீழ இருக்கிற வேகங்களை அணைச்சிடுங்க.
ஆன்டெனா வண்டியோட தகரப் பெட்டிக்குள்ள இருந்தா வெளிய எடுத்து மேல் மூலையில ரெண்டா வைங்க. லோடு ஏத்தினா ரெண்டும் சேர்ந்து மறையாத மாதிரி எதிரெதிர் மூலையில.

அலைவாங்கி:
பட்டியலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எட்டு சேனலில் 18 ஆக்சஸ் பாயின்ட் என்றால் ஒவ்வொரு சேனலிலும் இரண்டு மூன்று பேர். 11 மீட்டர் கூரையில் தொங்கும் ஆன்டெனாவுக்குக் கீழே இருக்கும் அத்தனையும் தெரியும். ஒரே சேனல்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதில் 60 கேமராவும் சேர்ந்தால்?

செப்புக்கம்பி:
சரி, அந்த 60 கேமராவை உங்க 5ஜியில போட்டுப் பாக்கலாம், கணக்கு நானே சொல்றேன்.

3.3 கிகாஹெர்ட்ஸ் பேண்ட், 100 மெகாஹெர்ட்ஸ் அகலம். 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில 273 பிளாக், 3,276 துணை அலை. ஒரு ஸ்லாட் (நேரத் துண்டு) அரை மில்லி நொடி. பொது நெட்வொர்க்ல பரவலா ஓடுற அமைப்பு டிடிடிஎஸ்யு (டி கீழ இறங்க, யு மேல அனுப்ப, எஸ் நடுவுல மாற), அதாவது அஞ்சு ஸ்லாட்ல ஒண்ணுதான் மேல அனுப்ப. நொடிக்கு 400 ஸ்லாட். 64 குவாம் (அலையில டேட்டாவை நெருக்கி ஏத்துற முறை), நல்ல சிக்னல்னு வச்சாலும் ஒரு லேயருக்கு (ஒரே நேரத்துல போற ஒரு டேட்டா ஓடைக்கு) 85, 90 எம்பிபிஎஸ். ரெண்டு லேயர் அனுப்புற மோடம் வாங்கினா 170 சொச்சம். உங்களுக்கு வேண்டியது 60 × 4 = 240. விளம்பரத்துல வர்ற ஜிகாபிட் எல்லாம் கீழ இறங்குற பக்கம் சாமி! தொழிற்சாலை மேல அனுப்புற இடம்.

அலைவாங்கி:
கணக்கு சரி, ஆனால் முடிவு அவசரம். பிரைவேட் நெட்வொர்க்கில் டிஎஸ்யுயுயு போடலாம். ஐந்தில் மூன்று ஸ்லாட் அப்லிங்க் (மேலே அனுப்ப). ஒரு லேயரிலேயே 260.

செப்புக்கம்பி:
> டிஎஸ்யுயுயு போடலாம்

யார் அலைக்கற்றையில? டெலிகாம் ஆபரேட்டர்கிட்ட வாங்கின அதே பேண்ட்லன்னா, வெளிய அவங்க டவர் டிடிடிஎஸ்யுல ஓடும். நீங்க "கேக்குறேன்"னு இருக்கிற ஸ்லாட்ல அது பல மடங்கு பவர்ல பேசும். ஷட்டர் திறந்திருக்கிற லோடிங் டாக் பக்கம் இருக்கிற ரேடியோ செவிடாயிடும். அதனாலதான் ஆபரேட்டர் இந்த ஸ்லாட் பேட்டர்னை மாத்த ஒத்துக்கிறதில்ல.

துறைமுகத்தான்:
நடுவுல ஒரு வார்த்தை. செப்புக்கம்பி சொல்ற வைஃபை வைத்தியமெல்லாம் கூரைக்குக் கீழ பலிக்கும். கன்டெய்னர் யார்டுக்கு வாங்க. ஒரு பெட்டி 2.6 மீட்டர், அஞ்சு அடுக்கினா 13 மீட்டர் இரும்புச் சுவர். அந்தச் சுவர் காலைல இருந்த இடத்துல மத்தியானம் இருக்காது. இன்னைக்கு சர்வே எடுத்து ஆக்சஸ் பாயின்ட் வச்சா நாளைக்கு அது பெட்டிக்குப் பின்னாடி. 30 மீட்டர் விளக்குக் கம்பத்து உச்சியில 5ஜி ஆன்டெனா வச்சு மேலேர்ந்து கீழ அடிச்சாத்தான் சந்துக்குள்ள இறங்கும். தண்டவாளத்துல ஓடுற கிரேனுக்கு மின்கேபிள் சுருளோடயே ஃபைபர் வந்துடும், அதுக்கு எந்த வயர்லெஸ்ஸும் வேண்டாம். டயர்ல ஓடுற ஆர்டிஜி கிரேனுக்குத்தான் தேவை. அதுல 12 கேமரா × 5 = 60 எம்பிபிஎஸ். எட்டு கிரேன்னா 480. செப்புக்கம்பி சொன்ன அப்லிங்க் நெருக்கடி இங்கயும் உண்டு. கிரேன் ஓட்டுறவர் எந்த கிரேனை ஓட்டுறாரோ அதுக்கு மட்டும் முழுத் தரம், மத்ததெல்லாம் 1 எம்பிபிஎஸ்க்கு இறக்கினா சமாளிச்சிடலாம்.

செப்புக்கம்பி:
யார்டுக்கு 5ஜின்னா நான் எதிர்க்கவே மாட்டேன். சுரங்கத்துக்கும் அப்படித்தான். இங்க பேச்சு கூரை போட்ட கூடத்தைப் பத்தி.

கேள்விக்குறி, உங்களுக்கு ஒரு கேள்வி. அந்த 60 கேமரா நகருதா?

கேள்விக்குறி:
இல்லை சார். எல்லாம் ஸ்டேஷனில் போல்ட் போட்டு நிறுத்தியவை.

செப்புக்கம்பி:
நகராததுக்கு எதுக்கு வயர்லெஸ்? 24 போர்ட் பிஓஇ (கேபிள் வழியாவே மின்சாரமும் தர்ற) சுவிட்ச் மூணு, கேட்6 கேபிள். ஒரு ஓட்டம் 90 மீட்டரைத் தாண்டினா நடுவுல இன்னொரு சுவிட்ச் வச்சு ஃபைபர்ல இணைங்க. வெல்டிங் பக்கம் ஷீல்டட் கேபிள், ரெண்டு ஷிஃப்ட்ல முடிஞ்சிடும். அப்புறம் வைஃபையில இருக்கப்போறது வண்டி மட்டும்தான்.

அலைவாங்கி:
கேமராவைக் கம்பியில் போடுவதில் நானும் உடன்படுகிறேன். ஆனால் அங்கேதான் என் வாதம் வலுக்கிறது.

வண்டிகளின் புரொஃபிநெட் ஃபிரேம் 64 பைட் சொச்சம், 32 மில்லி நொடிக்கு ஒன்று. 5ஜி வழியே கடத்த மேலே சுற்றும் டன்னல் தலைப்பையும் சேர்த்தாலும் ஒரு வண்டிக்கு ஒரு திசையில் 50 கேபிபிஎஸ்கூட வராது. 32 வண்டிக்கும் சேர்த்து 2 எம்பிபிஎஸ் தாண்டாது. அப்படியானால் ஐந்து ரேடியோவையும் தனித்தனி செல்லாக ஓட்ட வேண்டியதே இல்லை. ஐந்தும் ஒரே சிக்னலை ஒரே நேரத்தில் அனுப்பும்படி ஒரே செல்லாகக் கட்டிவிடலாம். வண்டி கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை போனாலும் செல் மாறாது. ஹேண்டோவர் பூஜ்யம். தாவல் வேகம் எவ்வளவு என்ற கேள்வியே எழாது. இதை வைஃபையில் செய்து காட்டுங்கள்.

செப்புக்கம்பி:
இது நல்ல பாயின்ட், மறுக்கல. தனித்தனி செல்லா இருந்தா ஹேண்டோவருக்கு 30லேர்ந்து 60 மில்லி நொடி போகும்னு சொல்ல வாயெடுத்தேன், முந்திட்டீங்க.

ஆனா மூணு விஷயத்தை முழுங்குறீங்க. ஒண்ணு, அந்த ஒரே செல்லை ஓட்டுற பேஸ்பேண்ட் (ரேடியோக்களுக்குப் பின்னாடி இருக்கிற கணினிப் பெட்டி) படுத்தா 32 வண்டியும் ஒரே நேரத்துல நிக்கும். 18ல ஒரு ஆக்சஸ் பாயின்ட் செத்தா பக்கத்துல இருக்கிறது தாங்கும். ரெண்டாவது, புரொஃபிநெட் ஐபி இல்ல, வெறும் ஈதர்நெட் ஃபிரேம். 5ஜி மோடம் பெரும்பாலும் ஐபி மட்டும்தான் கடத்தும். வண்டிக்குள்ள இருக்கிற ராவுட்டர்லேர்ந்து சர்வர் அறை வரைக்கும் விஎக்ஸ்லேன் டன்னல் (ஈதர்நெட் ஃபிரேமை ஐபி பாக்கெட்டுக்குள்ள சுத்தி அனுப்புற வழி) போடணும். அது 50 பைட் தின்னும். என்ன ஆகும்னா, வண்டி ஒழுங்கா ஓடும், பிஎல்சில ஆன்லைன் போனா வரும், புரோகிராம் டவுன்லோட் பண்ணினா மட்டும் பாதியில தொங்கும். பெரிய பாக்கெட் டன்னல்ல நுழையல. ராவுட்டர்ல டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்ல போற டேட்டாவோட உச்ச அளவு) 1350க்குக் கிள்ளி விட்டாத்தான் சரியாகும். இது தெரியாம பிஎல்சியைக் கழட்டி மாத்துவாங்க.

மூணாவது கடிகாரம். டிடிடி (ஒரே அலைவரிசையில மாறி மாறி அனுப்பி வாங்குற) ரேடியோக்களுக்கு ±1.5 மைக்ரோ நொடிக்குள்ள நேரம் ஒத்துப்போகணும். அதுக்கு மாடியில ஜிபிஎஸ் ஆன்டெனா.

அலைவாங்கி:
மூன்றுக்கும் வழி இருக்கிறது. பேஸ்பேண்டையும் நெட்வொர்க்கின் மைய சர்வரான 'கோர்' என்பதையும் இரண்டிரண்டாக வைக்கலாம். ஜிபிஎஸ் ஆன்டெனா இரண்டு, கட்டடத்தின் எதிரெதிர் முனைகளில். எம்எஸ்எஸ் விஷயம் சரியே, அதை நிறுவும் நாளிலேயே போட்டுவிட வேண்டும்.

செப்புக்கம்பி:
வழி இருக்கு, பில்லும் இருக்கு.

மீட்டர்மணி:
இதே கூட்டத்தில் தண்ணீர் மீட்டர், மோட்டார் சூடு, கம்ப்ரஸர் அழுத்தம் எல்லாவற்றையும் 5ஜியில் ஏற்ற யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடத்துக்கு 20 பைட் அனுப்பும் சென்சாருக்கு 865 மெகாஹெர்ட்ஸ் லோராவான் (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சென்சார் ரேடியோ) போதும். உரிமம் வேண்டாம், பேட்டரி வருடக்கணக்கில் வரும்.

கேள்விக்குறி:
உரிமம் என்றதும் கேட்கிறேன். 5ஜிக்கு அலைக்கற்றை எங்கிருந்து வரும்?

அலைவாங்கி:
தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூனில் வெளியிட்ட சிஎன்பிஎன் (நிறுவனங்களின் சொந்த உபயோகத்துக்கான தனி நெட்வொர்க்) வழிமுறையில் நான்கு வாசல்கள். ஆபரேட்டர் தன் பொது நெட்வொர்க்கிலேயே உங்களுக்கு ஒரு துண்டு ஒதுக்குவது. ஆபரேட்டரே தன் அலைக்கற்றையில் ஆலைக்குள் தனி நெட்வொர்க் கட்டித் தருவது. நீங்கள் உரிமம் எடுத்து ஆபரேட்டரிடம் அலைக்கற்றையைக் குத்தகைக்கு வாங்குவது. அரசிடம் நேரடியாகப் பெறுவது. அந்த வழிமுறைப்படி உரிம விண்ணப்பக் கட்டணம் 50,000 ரூபாய். நடைமுறையில் கைக்கு எட்டுவது இரண்டாவது. முதலாவதை எடுக்காதீர்கள். டேட்டா உங்கள் வளாகத்தை விட்டு வெளியே போய்த் திரும்பும், வெளியே ஃபைபர் அறுந்தால் உள்ளே வண்டி நிற்கும். பயனர் தரவைக் கையாளும் யுபிஎஃப் ஆலைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஜெர்மனியில் 3.7 முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை ஆலைகளுக்கென்றே ஒதுக்கி, 2019 முதல் நேரடியாக விண்ணப்பிக்கும் வசதி வைத்திருக்கிறார்கள். இங்கும் அதே எளிமை வந்தால் பேட்டர்ன் சண்டைக்குப் பாதி தீர்வு.

செப்புக்கம்பி:
6 கிகாஹெர்ட்ஸையும் மறக்காதீங்க. 5925லேர்ந்து 6425 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உரிமம் இல்லாம விடுறதுக்கு 2025 மே மாசம் வரைவு விதி வந்துச்சு. 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் 24, ரேடார் தொல்லை இல்ல. புது ஆக்சஸ் பாயின்ட் வாங்கினா வைஃபை 6இயா வாங்குங்க. அப்புறம் "எட்டு சேனல்ல 18 பேரு"ங்கிற வாதம் நிக்காது.

அலைவாங்கி:
வண்டியில் இருக்கும் ரேடியோவும் 6இ ஆக இருந்தால்தானே? 32 வண்டிக்கும் கிளையன்ட் மாற்றுவதும் 5ஜி ராவுட்டர் மாட்டுவதும் கிட்டத்தட்ட ஒரே வேலை.

துறைமுகத்தான்:
ரெண்டு பேரும் வாட்ச்டாக்கை மாத்துறதைச் சொல்லாம விட்டுட்டீங்க. 96 மில்லி நொடியை அப்படியே வச்சிட்டு எந்த ரேடியோ போட்டாலும் வண்டி நிக்கத்தான் செய்யும். அப்டேட்டை 64 ஆக்கி, ஆறு தவறினாத்தான் அறுக்கணும்னு வைங்க. 384 மில்லி நொடி.

அலைவாங்கி:
அதைச் சும்மா கூட்டக் கூடாது. வண்டி நொடிக்கு 1.2 மீட்டர் ஓடினால் 96 மில்லி நொடியில் 12 சென்டிமீட்டர், 384ல் 46 சென்டிமீட்டர். இணைப்பு அறுந்ததை வண்டி உணர்வதற்குள் கூடுதலாக 34 சென்டிமீட்டர் ஓடியிருக்கும். புரொஃபிசேஃபின் எஃப்-வாட்ச்டாக் (பாதுகாப்புத் தகவலுக்கான காத்திருப்பு வரம்பு) நேரம் தனி, அதையும் இதற்கு மேலே வைக்க வேண்டும். நிறுத்தத் தூரத்தைத் திரும்பக் கணக்கிட்டு, பாதுகாப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட்ட பிறகே மாற்றுங்கள். ஆள் குறுக்கே வந்தால் நிறுத்துவது வண்டியிலேயே உள்ள லேசர் ஸ்கேனரின் வேலை, அது ரேடியோவை நம்பி இருக்கக் கூடாது.

கேள்விக்குறி:
ஆக, கேமராக்களைக் கம்பிக்கு மாற்றுகிறேன், ஸ்கேன் லிஸ்ட்டையும் பவரையும் சரிசெய்கிறேன். அதற்குப் பிறகும் நின்றால் 5ஜியா?

செப்புக்கம்பி:
நின்னா உடனே வாங்கிடாதீங்க. ரெண்டு வண்டியில பாக்கெட் கேப்சர் ஓட விடுங்க, ரெண்டு பக்கமும் ஒரே என்டிபி (கடிகாரங்களை ஒத்துப்போக வைக்கிற முறை) நேரத்துல. பிஎல்சி டயக்னோஸ்டிக்ல "ஸ்டேஷன் ஃபெயிலியர்" விழுந்த நேரத்தையும், ஆக்சஸ் பாயின்ட் லாக்ல வண்டி தாவின நேரத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒத்துப்போனா ரோமிங் (தாவல்) கோளாறு. தாவலே இல்லாத நேரத்துல நின்னிருந்தா நெரிசலோ குறுக்கீடோ. ரெண்டும் இல்லாம ஒரே இடத்துல மட்டும் நிக்குதுன்னா அங்க தரையைப் பாருங்க. எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் குதிச்சு ஆன்டெனா கனெக்டர் லூசாயிருக்கும்.

அலைவாங்கி:
கடைசிக் காரணத்துக்கு 5ஜியிலும் மருந்து இல்லை. ஆனால் 32 வண்டி 80 ஆகப்போகிறதா என்பதைக் கேட்டுவிட்டு வாருங்கள், அதைப் பொறுத்து என் பதில் மாறும்.

கேள்விக்குறி:
அடுத்த ஆண்டு 70 என்று திட்டத்தில் இருக்கிறது.

செப்புக்கம்பி:
அதை முதல் போஸ்ட்லயே சொல்லியிருக்கலாமே சார்!