அனுமானமா, கொள்ளலா, கணக்கா?

(ஒரு சட்டச் சொல்லுக்குத் தமிழ் தேடும் நால்வரின் உரையாடல். பேசுபவர்கள் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

கிருஷ்ணகிரி: மகளிர் குழுக்களுக்கான சட்டக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிரிசம்ப்ஷன் (presumption: மறுத்து மெய்ப்பிக்கும்வரை ஒன்றை உண்மை என்று சட்டம் எடுத்துக்கொள்வது) வருமிடமெல்லாம் ‘அனுமானம்’ என்று போட்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்த பெண்கள், “கோர்ட்டுல குத்துமதிப்பாச் சொல்லுவாங்களா?” என்று கேட்கிறார்கள். வேறு சொல் தாருங்கள்.

தருமபுரி: அவர்கள் கேட்டது நியாயம். புகையைக் கண்டு நெருப்பு என்பது அனுமானம். இது வேறு. காசோலையில் இருப்பது தன் கையெழுத்து என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், கடனுக்காகத்தான் கொடுத்தார் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டம் 139ஆம் பிரிவே எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். ‘கொள்ளல்’ பொருந்தும். ‘மிகைநாடி மிக்க கொளல்’ இருக்கவே இருக்கிறது. சாட்சியச் சட்டத்தில் நீதிமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டது, கட்டாயமானது என்று இரு படிகள் உண்டு; அவற்றுக்கும் ‘கொள்ளலாம்’, ‘கொள்ள வேண்டும்’ என்று வினை கிடைக்கிறது.

ஓசூர்: ஐயா, மணிமேகலை 27ஆம் காதையின் அருத்தாபத்தியை மறந்துவிட்டீர்கள். கங்கையில் ஆய்க்குடி, அதாவது ஆயர் குடியிருப்பு, என்றால் கரையில் என்று கொள்வது. அருத்தம் பொருள், ஆபத்தி எய்துதல், ஆகவே ‘பொருட்பேறு’.

அரூர்: பொருட்பேறு என்றால் குழுக்கடன் வந்துவிட்டது என்று நினைப்பார்கள்! தவிர, அருத்தாபத்தியில் வேறு வழியே கிடையாது. ஆற்றுக்குள் குடியிருக்க முடியாது. சட்டத்திலோ பெரும்பாலும் மறுக்க வழி உண்டு. ஊரில் சொல் இருக்கிறதே: “ஏழு வருசமா ஒரு தகவலும் இல்லன்னா செத்ததாத்தான் கணக்கு.”

தருமபுரி: ‘கணக்கு’ பேச்சுக்குச் சரி, தம்பி. ஆனால் கணக்கு முடிந்தது என்று ஆகிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சாட்சியச் சட்டம் 111ஆம் பிரிவுதான் இந்த ஏழு வருடக் கொள்ளலைச் சொல்கிறது; அதிலும், உயிரோடிருப்பதை மெய்ப்பித்தால் கொள்ளல் உடையும். இறந்தார் என்றுதான் கொள்ளும், எந்தத் தேதியில் என்று கொள்ளாது. தேதிக்குத் தனிச் சான்று வேண்டும். காப்பீட்டுப் பணம் கேட்பவர்கள் இடறுவது இங்கேதான்.

அரூர்: அதையும் கணக்கிலேயே சொல்லலாம்: ‘இல்லை என்று காட்டும்வரை செத்ததாகக் கணக்கு.’

ஓசூர்: திமிர் என்ற பொருளில் வரும் பிரிசம்ப்ஷனுக்கு?

அரூர்: அதிகப்பிரசங்கித்தனம். கையேட்டில் அதற்கு வேலையில்லை.

கிருஷ்ணகிரி: தலைப்பில் ‘சட்டக் கொள்ளல்’, விளக்கத்தில் ‘கணக்கு’ என்று போடுகிறேன். காசோலைப் பக்கத்தில், நிரப்பாத காசோலையில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தாலும் இதே கணக்குதான் என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

தருமபுரி: சரி.

ஓசூர்: ‘கொள்ளல்’ கொள்முதல் போல ஒலிக்கிறது. பொருட்பேற்றை அடைப்புக்குறிக்குள்ளாவது வையுங்கள்.