கோத்தகிரி, குன்னூர் பக்கம் கவனப் பயிற்சி சொல்லித் தருபவர் உண்டா?

வணக்கம். அம்மா 26 வருடம் தேயிலை பறித்தவர். வலது தோளில் தீராத வலி. தூங்கும்போதுகூடக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கொழுந்து கிள்ளுவதுபோலவே சேர்ந்திருக்கும். பார்க்கவே மனசு கனத்துவிடும்.

போன மாதம் ஒருவர், தொடாமலே கையை மேலே நீட்டிச் சக்தி கொடுப்பதாகச் சொல்லி, மாத்திரையை விடச் சொன்னார். எழுந்து வந்துவிட்டோம். அப்படிச் சிகிச்சை தரும் 21 பேரை அமெரிக்காவில் சோதித்த ஆய்வு 1998-இல் வெளியானது. திரைக்கு அப்பால் தங்கள் எந்தக் கைக்கு மேல் இன்னொரு கை இருக்கிறது என்று அவர்கள் சரியாகச் சொன்னது 44 சதவீதம்தான்.

எங்களுக்கு வேண்டியது வேறு. ஜான் கபட்-சின் என்பவர் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய 8 வாரக் கவனப் பயிற்சியில், உடம்பின் ஒவ்வொரு பகுதியிலும் கவனத்தை நிறுத்திப் பார்ப்பார்கள். அதை ராத்திரியில் அம்மாவுக்கு நானே தமிழில் மெதுவாகச் சொல்கிறேன். நேற்று தோளுக்கு வந்ததும், "இங்க கொஞ்சம் இளகுது கண்ணு" என்றார். வலி போகவில்லை, சரி, ஆனால் முகம் தெளிந்திருந்தது.

டாக்டர் தந்த மாத்திரையும் பிசியோதெரபியும் தொடரும். கூடவே இதைத் தமிழில், பொறுமையாகச் சொல்லித் தருபவர் யாராவது தெரியுமா? ஊட்டி என்றாலும் பஸ்ஸில் கூட்டி வருகிறேன்.