விபத்து நடந்த இரவு கேஷுவாலிட்டிக்குள் கேமரா: உங்கள் மருத்துவமனையில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

உதவி_ஆர்எம்ஓ:

மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் உதவி நிலைய மருத்துவ அலுவலராகப் பொறுப்பேற்று நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் இரவு ஒன்பதரை மணிக்கு, வேன் கவிழ்ந்து அடிபட்ட 14 பேரைக் கொண்டுவந்தார்கள். 108 வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தபோதே மூன்று சேனல்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். வாசலில் நின்ற செக்யூரிட்டி ஸ்ட்ரெச்சர் தள்ளப் போயிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். தோள் எலும்பு உடைந்திருந்தது. சுடிதாரின் கையைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தோம். கேமரா லைட் பட்டதும் அடிபடாத கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அது டிவியில் ஓடியது. நாங்கள் போன் செய்வதற்கு முன்பே அவள் அப்பாவிடம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மறுநாள் அவர் என் அறைக்கு வந்தார், சத்தம் எதுவும் போடவில்லை. "உள்ள விட்டது யாருங்க டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நிருபர்கள் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. எங்கள் ஸ்கேன் மெஷின் பழுதானது பத்திரிகையில் வந்த பிறகுதான் சரியானது. ஆனால் விபத்து நேரத்தில் அவர்களை எங்கே நிறுத்துவது, என்ன சொல்வது? அப்புறம், அமைச்சர் ஆறுதல் சொல்ல வரும்போது கூடவே வரும் கேமராக்களை யார் தடுப்பது?

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

டாக்டர், நான் 34 வருடம் வார்டில் இருந்தவள், கடைசி ஆறு வருடம் நர்சிங் சூப்பரின்டென்டென்ட். பட்டாசு ஆலை விபத்துகள் அதிகம் வரும் பகுதி. கதவைச் சாத்திப் பார்த்திருக்கிறோம். ஒருமுறை தீக்காய வார்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் படம் எடுத்தார்கள். வாசலில் ஒன்றும் கிடைக்காவிட்டால் ஜன்னலுக்குப் போகத்தான் செய்வார்கள்.

அதற்குப் பிறகு வந்த டீன் போர்டிகோவில் ஒரு மேசை போடச் சொன்னார். லைட், பிளக் பாயின்ட், குடிதண்ணீர். மணிக்கு ஒருமுறை அவரோ ஆர்.எம்.ஓ.வோ வந்து பேசுவார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஐ.சி.யூ.வில், எத்தனை பேருக்கு ஆபரேஷன், எத்தனை பேரை வேறு ஊருக்கு அனுப்பினோம். எண்ணிக்கை மட்டும்தான், பெயர் கிடையாது. இறந்தவர் கணக்கைக்கூடக் குடும்பத்திடம் சொன்ன பிறகே சொல்வார். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு வந்து "மாற்றம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவார். முக்கியமே அதுதான். அடுத்து எப்போது வருவார் என்று தெரிந்தால் யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள். தேடி வரும் சொந்தக்காரர்களுக்காக ஒட்டுகிறோம் என்போம், ஆனால் அரை மணி நேரத்தில் அது எல்லார் போனிலும் இருக்கும். உதவி மேசையில் ஒரு சிஸ்டர் கையில் பட்டியலை வைத்துக்கொள்ளட்டும். வருபவர் பெயரைச் சொன்னால் பார்த்துச் சொல்லட்டும்.

இன்னொன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். எங்கள் இடத்தில் ரொம்ப மோசமாக வெளியே போனது கேமராவால் இல்லை. ஏ.ஆர். பதிவேட்டின், அதாவது விபத்து, போலீஸ் கேஸ் நோயாளிகளின் விவரம் எழுதும் பதிவேட்டின், ஒரு பக்கத்தை நம் ஆள் ஒருவரே போனில் எடுத்து, தெரிந்த நிருபருக்கு அனுப்பியிருந்தார். கல்யாணமாகி ஐந்து மாதமான ஒரு பெண் எதற்காக அட்மிட் ஆனாள் என்பது அதில் இருந்தது. அவள் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மாமியார் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு தனியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். செக்யூரிட்டியைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் ஆட்களின் போனைக் கேளுங்கள்.

மாவட்ட_நிருபர்:

16 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். சிஸ்டர் சொன்ன மேசை எல்லா ஊரிலும் இருந்தால் எங்களுக்கும் நிம்மதி. எங்கள் செய்தி டெஸ்க்கிலிருந்து போன் வரும்: "அந்த சேனலில் உள்ளே இருந்து விஷுவல் ஓடுது, நம்மகிட்ட ஏன் இல்லை?" ஒருவரை விட்டால் அத்தனை பேரும் வந்தே ஆக வேண்டும். அதனால் தெரிந்தவர், நண்பர் என்று யாரையும் விடாதீர்கள்.

அமைச்சர் வருகைக்கு ஒரு வழி உண்டு. கலெக்டர் அலுவலக பி.ஆர்.ஓ.விடம் முன்கூட்டியே பேசுங்கள். ஒரு போட்டோகிராபர், ஒரு வீடியோகிராபர் மட்டும் உள்ளே. அவர்கள் எடுத்தது எல்லாருக்கும் வரும். சம்மதம் சொன்ன இரண்டு பேரின் படுக்கைக்கு மட்டும் போகட்டும், மற்ற படுக்கைகளுக்கு ஸ்கிரீன். சம்மதத்தை அமைச்சர் வந்து நின்ற பிறகு கேட்காதீர்கள். அந்த நேரத்தில் யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்?

2016-இல் ஜெயலலிதா அப்போலோவில் இருந்த 75 நாளில் பல நாள் நானும் கிரீம்ஸ் சாலையில் நின்றேன். அறிக்கை வராத நாளில் வதந்திதான் செய்தி. டிசம்பர் 5 மாலை சில சேனல்கள் இறந்துவிட்டார் என்றே அறிவித்தன, மருத்துவமனை மறுத்தது. அப்புறம் 2017 டிசம்பரில், ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு முந்தைய நாள், அவர் படுக்கையில் ஜூஸ் குடிக்கும் வீடியோ வெளிவந்தது. அதை ஒளிபரப்ப வேண்டாம் என்று தேர்தல் ஆணையம் சொல்ல வேண்டியிருந்தது. தன் படங்கள் எப்படி வர வேண்டும் என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தவர். அந்தப் படத்துக்கு அவரிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க முடியாது. அதை இன்றும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வக்கீல்_மதுரை:

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளே சொல்கின்றன. மனநல மருத்துவமனையில் இருப்பவரின் படமோ தகவலோ அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குப் போகக் கூடாது, அது 2017 மனநலச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு. எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதற்கும் அதே ஆண்டு வந்த தனிச் சட்டத்தில் தடை உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் யார் என்று தெரியும்படி எதையும் வெளியிடுவது குற்றம். அவர் இறந்துவிட்டாலும் இது பொருந்தும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குழந்தை என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு வீட்டு முகவரி, பள்ளிக்கூடம் வரை காக்கிறது. ஆகவே "15 வயது மாணவி, இந்த ஊர், இந்தப் பள்ளி" என்று உங்கள் ஆட்கள் நிருபரிடம் வாய்மொழியாகச் சொல்வதும் ஆபத்து.

நோயாளியின்_தம்பி:

எல்லாம் சரி. ஆனால் என் அண்ணனுக்கு இரண்டு நாள் தரையில்தான் படுக்கை. நாங்களாகவே ஒரு நிருபரைக் கூப்பிட்டோம், அவரைத் தடுத்தார்கள். "நோயாளி தனியுரிமை" என்று காரணம் சொன்னார்கள். அது யாருடைய தனியுரிமை? என் அண்ணனே பேச ஆசைப்பட்டார்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

உங்கள் கோபம் நியாயம் தம்பி. அந்த ரகசியம் உங்கள் அண்ணனுடையது, சொல்வதும் மறைப்பதும் அவர் விருப்பம். மருத்துவமனை தன்னைக் காத்துக்கொள்ள அதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. வார்டுக்குள் வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம், பக்கத்தில் படுத்திருக்கும் பத்துப் பேர் சம்மதம் சொல்லவில்லை. சக்கர நாற்காலியில் வைத்து வராந்தாவுக்குக் கொண்டுவந்து பேச விட்டிருக்கலாம். நகர்த்த முடியாதவர் என்றால், சுற்றி ஸ்கிரீன் போட்டு ஒரு நிருபரை மட்டும் விட்டிருக்கலாம்.

உதவி_ஆர்எம்ஓ:

எல்லாருக்கும் நன்றி. டீனிடம் பேசினேன். புறநோயாளி சீட்டு கொடுக்கும் இடத்துக்கு எதிரே உள்ள ஷெட்டில் மேசை போட ஒத்துக்கொண்டார். ஏ.ஆர். பதிவேடு இருக்கும் அறையில் போன் கூடாது என்று நேற்று சர்க்குலர் போட்டோம். இரண்டு பேர் முறைத்தார்கள்.

அந்தப் பெண்ணின் அப்பாவை மறுபடி கூப்பிட்டு, உள்ளே விட்டது எங்கள் தவறுதான் என்று சொன்னேன். மூன்று சேனலுக்கும் வீடியோவை நீக்கச் சொல்லி எழுதினோம். இரண்டில் எடுத்துவிட்டார்கள், ஒன்று இன்னும் யூடியூபில் இருக்கிறது. நிருபர் சார், அந்த சேனலில் யாரிடம் பேசினால் வேலை நடக்கும் என்று தனிச் செய்தியில் சொல்ல முடியுமா? திங்கட்கிழமை அவள் கட்டு மாற்ற வருகிறாள், அதற்குள் எடுக்க வைத்தால் நன்றாக இருக்கும்.