மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கிய 32 சென்ட்: திட்டமிடும்போது குடியிருப்போர் எல்லோரையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது?

கேள்வி: ஏரிக்கரைவாசி

அனைவருக்கும் வணக்கம். 2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது மாநகருக்குள் வந்த தென்புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். எங்கள் மனைப்பிரிவு 1990களில் அங்கீகாரம் பெற்றது. வரைபடத்தில் ‘பூங்கா’ என்று குறிக்கப்பட்டிருக்கும் 32 சென்ட் நிலம் இத்தனை காலமும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் அளவுக்கு நீர் நிற்கும். வரும் நிதியாண்டில் அங்கே பூங்கா அமைக்க வாய்ப்பிருப்பதாகவும், குடியிருப்போரின் கருத்தைத் தொகுத்து ஆறு வாரத்துக்குள் கொடுக்கும்படியும் எங்கள் மாமன்ற உறுப்பினர் சென்ற மாதம் சொன்னார். நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

உடனே ஒரு கூட்டம் போட்டோம். 90 வீடுகளிலிருந்து 23 பேர் வந்தார்கள். அவர்களில் 19 பேர் பணி ஓய்வு பெற்ற ஆண்கள். எட்டு வடிவ நடைபாதை, நடுவில் செயற்கை நீரூற்று, ஆறடிச் சுற்றுச்சுவர், வெளியாட்கள் வராதபடி பூட்டு என்று முக்கால் மணி நேரத்தில் தீர்மானம் ஆகிவிட்டது. நான் அதை எழுதிக்கொண்டிருந்தபோது, வாசலில் மிதிவண்டியைச் சாய்த்துவைத்துவிட்டு, கையில் கிரிக்கெட் மட்டையுடன் இரண்டு பையன்கள் உள்ளே பார்த்துக்கொண்டே நின்றார்கள். அந்தக் கருவேலங்காட்டின் ஒரு மூலையை அரிவாளால் வெட்டிச் சமன்படுத்தி மூன்று வருடமாக விளையாடி வருகிறவர்கள் அவர்கள்தான். உள்ளே வாருங்கள் என்று அவர்களை அழைக்க எனக்கும் தோன்றவில்லை. அன்று இரவு முழுவதும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தத் தீர்மானத்தை நான் இன்னும் அனுப்பவில்லை. கூட்டத்துக்கு வராதவர்களின் கருத்தை எப்படி அறிவது, அறிந்ததை அலுவலகம் மதிக்கும்படி எப்படிக் கொடுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: வரைபடமேசை

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். நான் நகரமைப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். தீர்மானத்தை அனுப்பாமல் நிறுத்தி வைத்தது மிகச் சரியான செயல்.

கருத்துக் கேட்பதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: அந்த நிலம் இன்று சட்டப்படி யாருடையது? நடப்பிலுள்ள 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதைத் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்புக்கு ஒப்படைத்தே ஆக வேண்டும். இடைப்பட்ட அளவுள்ளவற்றில், நிலம் ஒதுக்க இயலாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிடும் வழியும் உண்டு. இப்படித் திறந்தவெளிக்கென ஒதுக்கிய நிலத்தைத்தான் ஓ.எஸ்.ஆர். இடம் என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். பழைய மனைப்பிரிவுகள் சிலவற்றில், வரைபடத்தில் ‘பூங்கா’ என்று எழுதியிருக்கும். தானப்பத்திரம் மட்டும் பதிவாகாமலே விடுபட்டிருக்கும். பல ஆண்டுகள் கழித்து மனை போட்டவரின் வாரிசுகள் வந்து உரிமை கோரும்போதுதான் விஷயம் வெளியே தெரியும். ஆகவே அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல், வில்லங்கச் சான்று, தானப்பத்திரம், நில அளவை வரைபடம் ஆகிய நான்கையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அலுவலகத்தில் தர மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

பத்திரம் இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது பூங்காவாகக் காட்டிய நிலத்தை, உரிமை தன்னிடமே இருந்தாலும் பொதுமக்களுக்கான பாதுகாவலராக மட்டுமே உரிமையாளர் வைத்திருக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் டெல்லி வழக்கு ஒன்றில் கருதியிருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அப்பகுதி மக்களே வழக்குத் தொடர்ந்து, 1991இல் அதே நீதிமன்றத்தில் வென்றார்கள். தமிழ்நாட்டில் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாப்பதற்கென்றே 1959ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. அச்சட்டத்தின் கீழ் உள்ளாட்சி அமைப்பு தயாரிக்கும் பட்டியலில் உங்கள் நிலம் இடம்பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது, எந்தக் கட்டத்தில் சொல்வது என்பது. உதவிப் பொறியாளர் மதிப்பீடு தயாரித்து, அதற்கு நிர்வாக அனுமதி கிடைத்து, ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டுவிட்டால், ஓர் இருக்கையை இடம் மாற்றக்கூட ஒப்பந்ததாரர் திருத்திய மதிப்பீடு கேட்பார். நாற்பது கையெழுத்துப் போட்ட மனு அந்தக் கட்டத்தில் போய்ச் சேர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். என் மேசையிலேயே அத்தகைய மனுக்கள் தேங்கியிருக்கின்றன என்பதை வருத்தத்துடன்தான் சொல்கிறேன். உங்களுடையது மதிப்பீட்டுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். சங்கத்தின் கடிதமாக மட்டும் கொடுக்காமல், வார்டின் ஒரு பகுதியில் வசிப்போர் கூடிப் பேசுவதற்காக 2022 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பகுதி சபைக் கூட்டத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் போன்ற வசதிகள் அரசமைப்புச் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணையிலேயே நகராட்சி அமைப்புகளுக்கு உரியவையாகக் குறிப்பிடப்பட்டவை. எனவே நீங்கள் சலுகை எதையும் கேட்கவில்லை.

பதில் 2: கோவைத் தோட்டக்கலை

சார், நான் கோவையில் நிலத்தோற்ற வடிவமைப்பாளராக இருக்கிறேன். சட்டப் பகுதியை ஐயா விளக்கிவிட்டதால், கேட்கும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு மக்கள் வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். ஒரு வாரம், காலை ஆறு மணி, பகல் பதினொன்று, மாலை நான்கரை, இரவு எட்டு ஆகிய வேளைகளில் யாராவது ஒருவர் அந்த நிலத்தின் அருகே அரை மணி நேரம் நின்று, யார் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எந்தப் பக்கமாகக் குறுக்கே நடக்கிறார்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். வராதவர்களைக் கவனிப்பது அதைவிட முக்கியம். வியன்னாவில் 1990களில் பூங்காக்களை ஆராய்ந்தபோது, ஒன்பது, பத்து வயதைத் தாண்டிய சிறுமிகள் பூங்காவுக்கு வருவதையே விட்டுவிடுவது தெரியவந்தது. பையன்கள் தொடர்ந்து வந்தார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களில் பாதைகளை மாற்றி, ஒரே பெரிய திடலைச் சிறு பகுதிகளாகப் பிரித்தபின் சிறுமிகள் திரும்ப வந்தார்கள். அந்தச் சிறுமிகள் இல்லாததை யாராவது எண்ணிப் பார்த்திருக்காவிட்டால் அது பேச்சுக்கே வந்திருக்காது.

கேள்வியையும் மாற்றிக் கேளுங்கள். “பூங்காவில் என்ன வேண்டும்?” என்று கேட்டால், அவர்கள் வேறெங்கோ பார்த்த நீரூற்றையும் உடற்பயிற்சிக் கருவியையும்தான் சொல்வார்கள். “நேற்று மாலை நாலிலிருந்து ஏழு வரை எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், இஸ்திரி வண்டிக்காரர், அடுக்குமாடிக் காவலாளியின் குடும்பம், வாடகைக்கு இருப்போர் ஆகியோரையும் அவரவர் இருக்கும் இடத்திலேயே போய்க் கேட்க வேண்டும். சங்க உறுப்பினர் பட்டியலில் இவர்களின் பெயர் இருக்காது. ஆனால் அந்த நிலத்தைத் தினம் கடப்பவர்கள் இவர்கள்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காகித வரைபடத்தைக் காட்டிக் கருத்துக் கேட்காதீர்கள். பலருக்கு அது புரியாது. புரியவில்லை என்று சொல்லவும் கூச்சப்படுவார்கள். கோலமாவை எடுத்துக்கொண்டு போய் நிலத்திலேயே உண்மையான அளவில் கோடு போடுங்கள். நான் செய்த ஒரு சிறு பூங்காவில் சுவரோரமாக ஆறு இருக்கைகளை வரைந்திருந்தேன். கோலமாவுக் கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்து பார்த்த ஓர் அம்மா, “இங்கே உட்கார்ந்தால் ஊஞ்சலில் ஆடும் பிள்ளை என் கண்ணுக்கே தெரியாது” என்றார். மூன்று மாதமாக மேசையில் வரைந்துகொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றே நான்கு இருக்கைகளின் இடம் மாறியது.

கேட்டு முடித்ததும், வந்த கோரிக்கைகள் அனைத்தையும், ஏற்றவை, ஏற்காதவை, ஏற்காததற்கான காரணம் என்று ஒரு தாளில் எழுதி அந்த நிலத்தின் வாசலிலேயே ஒட்டுங்கள். அப்படிச் செய்தால்தான் அடுத்த முறை கூப்பிடும்போது வருவார்கள்.

பதில் 3: வடசென்னை கால்பந்து

நான் வடசென்னையில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுப்பவன். செயலாளர் அண்ணன் அந்த இரண்டு பையன்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன்.

2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சியின் செயற்கைப்புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆடுவோரிடம் மணிக் கணக்கில் கட்டணம் வாங்கும் தீர்மானம் வந்தது. எதிர்ப்பு எழுந்த உடனேயே அது கைவிடப்பட்டது. திரும்பப் பெற்றதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அத்திடல்களில் அன்றாடம் ஆடும் ஒரு பத்துப் பேரை முன்கூட்டியே கேட்டிருந்தால், அந்தத் தீர்மானம் எழுதப்பட்டிருக்கவே வேண்டாம். எங்கள் பிள்ளைகள் ஷூ வாங்கவே மாதக்கணக்கில் பணம் சேர்ப்பவர்கள்.

நலச் சங்கம் கேட்டால் அது மக்களைக் கேட்டதாகும் என்பதை நான் ஏற்கமாட்டேன். சங்கம் என்பது வீடு வைத்திருப்பவர்களின் அமைப்பு. 15 வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் அதில் வாக்கு கிடையாது.

உங்கள் 32 சென்ட் ஏறக்குறைய 1,300 சதுர மீட்டர். கால்பந்துத் திடல் அதில் வராது. அதை நான் கேட்கவும் மாட்டேன். கைப்பந்துக் களம் 18 மீட்டருக்கு 9 மீட்டர், இறகுப்பந்துக் களம் 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர், இரண்டையும் வைத்தாலும் சுற்றி ஓட இடம் விட்டு பாதிக்கு மேல் மிஞ்சும். ஒரே களத்தில் இரண்டு ஆட்டத்துக்கும் கோடு போட்டால் தேவைப்படும் இடம் இன்னும் குறையும். ஆறடிச் சுவர் மட்டும் வேண்டாம், அண்ணே. உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியாவிட்டால் இருட்டியபின் பெண்பிள்ளைகள் அங்கே கால் வைக்க மாட்டார்கள். இடுப்பளவுச் சுவர், அதன்மேல் கம்பி வலை போதும்.

பதில் 1 தொடர்ச்சி: வரைபடமேசை

தம்பியின் கருத்துடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். பூட்டு விஷயத்தில் மட்டும் சிறு வேறுபாடு உண்டு. இரவு நேரம் மூடுவது பராமரிப்புக்குத் தேவைப்படலாம். ஆனால் சாவி யாரிடம் இருக்கும், எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைச் சங்கம் தனியே முடிவு செய்யக் கூடாது. தானமாகப் பெறப்பட்ட திறந்தவெளி பொதுமக்கள் அனைவருக்கும் உரியது. அதற்கு ‘வெளியாட்கள்’ என்று எவரும் இல்லை. தீர்மானத்திலிருந்து அந்த ஒரு சொல்லை முதலில் நீக்கிவிடுங்கள்.

பதில் 4: மழைக்கணக்கு

முழங்கால் அளவு நீர் நிற்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அதைத் தாண்டிச் சென்றுவிட்டார்கள். அந்த இடத்தில் மண்ணடித்து மேடாக்கினால், இப்போது அங்கே நிற்கும் நீர் அடுத்த ஆண்டு பக்கத்து வீடுகளின் கூடத்துக்குள் நிற்கும். தாழ்வான பகுதியைத் தாழ்வாகவே விட்டு, மழைநீர் தேங்கி மண்ணில் இறங்கும்படி அமைத்த பஞ்சுப் பூங்காக்கள் சென்னையிலேயே இருக்கின்றன. உங்கள் தெருவில் நீண்ட காலம் குடியிருப்பவர்களிடம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நீர் எந்த வழியாக வந்து எந்த வழியாக வடிந்தது என்று கேட்டு, உங்கள் மனைப்பிரிவு வரைபடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அது குடியிருப்போருக்கு மட்டுமே தெரிந்த தகவல். எந்த மதிப்பீட்டிலும் கிடைக்காது.

கேள்வியாளரின் மறுமொழி: ஏரிக்கரைவாசி

பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பன்னிரண்டு நாள்களில் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

தானப்பத்திரம் இருக்கிறது, 1998இல் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதிலுள்ள நான்கு பக்க அளவுகளைக் கொண்டு நாங்கள் நாடா பிடித்துப் பார்த்தபோது, கிழக்குப் பக்கம் ஏறக்குறைய மூன்று சென்ட் குறைகிறது. யார் மீதும் இப்போது குற்றம் சொல்லவில்லை. அரசு நில அளவையர் வந்து அளந்து கல் நடுவதற்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

ஞாயிறு மாலை கோலமாவால் கோடு போட்டோம். கூட்டத்தில் முடிவு செய்த நடைபாதையையும் நீரூற்றையும் உண்மை அளவில் வரைந்ததும், சும்மா உட்காரக்கூட இடம் மிஞ்சவில்லை என்பது எல்லோருக்கும் கண்ணெதிரே தெரிந்தது. நீரூற்றை முன்மொழிந்த பெரியவரே காலால் அந்த வட்டத்தை அழித்தார். மட்டையுடன் நின்ற பையன்கள் இருவரும்தான் அன்று நாடாவின் மறுமுனையைப் பிடித்தார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், மதியம் ஒரு வீட்டு வேலை முடிந்து அடுத்த வீடு திறக்கும்வரை ஒன்றரை மணி நேரம் மாடிப்படிகளில் காத்திருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் கேட்டது நிழலும் ஒரு கழிப்பறையும் மட்டும்தான். பத்தொன்பது ஆண்டுகளாக இந்தத் தெருவில் இருக்கும் எனக்கு அது தெரியாது.

‘வெளியாட்கள்’ என்ற சொல்லை நீக்கிவிட்டோம். சுவரின் உயரம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. இருவர் உறுதியாக மறுக்கிறார்கள். அவர்கள் வீடு பூங்காவை ஒட்டி இருப்பதால் அவர்களின் அச்சத்திலும் நியாயம் உண்டு. இந்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம். இடுப்பளவுச் சுவரும் வலையும் போட்ட பூங்கா தென்சென்னையில் அருகே எங்காவது இருந்தால் சொல்லுங்கள். அவர்களை நேரில் அழைத்துச் சென்று காட்ட விரும்புகிறேன்.