ஆற்றுப் பள்ளத்தாக்கில் மூன்று நாள்: என் திட்டமும் நடந்த கூத்தும்

போன மாதம் ஐந்து பேர் சேர்ந்து இரண்டு ராத்திரி, மூன்று பகல் என்று ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போய் வந்தோம். அடுத்து போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். திட்டம் போட்டது நான்தான், அதனால் சொதப்பலும் என் கணக்கில்தான். முதல் நாள் மதியம் ஆற்றில் கயாக் (சின்னத் துடுப்புப் படகு), இரண்டாம் நாள் காலை மலையேற்றம், மாலை சைக்கிள், மூன்றாம் நாள் காலை மறுபடி ஆறு, அப்புறம் வீடு. தாளில் பார்க்க ஜோராக இருந்தது.

முதல் அடி விழுந்தது நேரக் கணக்கில். ஆற்றில் 12 கிலோமீட்டர், மணிக்கு நாலு கிலோமீட்டர், ஆக மூன்று மணி நேரம் என்று எழுதி வைத்திருந்தேன். படகில் ஏறும் இடம் வேறு, இறங்கும் இடம் வேறு என்பது மண்டையில் உறைக்கவே இல்லை. ஒரு வண்டியைக் கீழே இறங்கும் இடத்தில் விட்டுவிட்டு, இன்னொரு வண்டியில் எல்லோரும் மேலே வர வேண்டும். வளைந்து வளைந்து போகும் அந்த ஒற்றைச் சாலையில் இதற்கே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. லைஃப் ஜாக்கெட் மாட்டி, வழிகாட்டி சொன்னதையெல்லாம் கேட்டு, தண்ணீரில் இறங்கும்போது மணி மூன்றரை. பள்ளத்தாக்கில் சூரியன் காலண்டரில் போட்ட நேரத்துக்கு மறைவதில்லை, மேற்குப் பக்க மலை எப்போது மறைக்கிறதோ அப்போதே மறைந்துவிடும். ஐந்து மணிக்கெல்லாம் ஆறு முழுக்க நிழல். நனைந்த துணியோடு காற்றில் துடுப்புப் போட்டுப் பாருங்கள், பல் தந்தியடிக்கும்.

அதே நேரத்தில்தான் நண்பன் ஒருவன் கவிழ்ந்தான். ஒரு வளைவில். வளைவின் உள்பக்கம் தண்ணீர் மெதுவாக, ஆழமில்லாமல் ஓடும். வெளிப்பக்கம்தான் வேகமும் ஆழமும், சாய்ந்து கிடக்கிற மரங்களும். தண்ணீர் நம்மைத் தானாக அந்தப் பக்கம்தான் தள்ளிக்கொண்டு போகும். விழுந்தவன் ‘இடுப்பளவுதானே’ என்று எழுந்து நிற்கப் பார்த்தான். வழிகாட்டி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: ‘நிக்காதே, மல்லாந்து படு, காலை முன்னாடி நீட்டு!’ ஓடுகிற தண்ணீரில் நின்றால் கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும், பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஆளை முன்னால் அமுக்கிவிடும், அப்புறம் இடுப்பளவு தண்ணீரிலேயே மூழ்கலாம். கிளம்பும் முன் இதைத்தான் பத்து நிமிடம் சொன்னார். நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் நாள் மலை. நடைக் கணக்குக்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி ஒன்று இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்களுக்கு 10 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம், ஆக மூன்று மணி நேரம் என்று போட்டேன். ஆனது ஐந்து மணி நேரம். அந்த விதி நன்றாக நடக்கிற, நடுவில் உட்காராத ஆளுக்கு. எங்கள் கூட்டத்தில் அப்படி ஒருத்தரும் இல்லை. சைக்கிள் கட்டணம் போனது போனதுதான்.

மூன்றாம் நாள் காலை பளிச்சென்று வெயில். ஆற்றங்கரையில் வழிகாட்டி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் தெளிந்திருந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது, சுள்ளியும் இலையும் மிதந்து வந்தன. ‘மேலே எங்கேயோ ராத்திரி மழை, இன்னைக்கு வேண்டாம்’ என்றார். எங்களுக்கு ஒரு சொட்டு விழவில்லையே என்று வாதம் செய்தோம், எனக்குக் கொஞ்சம் கோபம்கூட. அவர் ஒரு கல்லைக் காட்டி, ‘சும்மா உட்கார்ந்து இதைப் பாருங்க’ என்றார். பதினொரு மணிக்கு அந்தக் கல் இருந்த இடமே தெரியவில்லை.

* * *

அண்ணன் சொன்ன அந்தக் கல் கதை படித்ததும் எங்கள் டென்ட் ஞாபகம் வந்துவிட்டது. தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கலாம் என்று ஆற்றோர மணல்திட்டில் போட்டோம், கூடவே இரண்டு பிள்ளைகள். அந்த மணலை அங்கே கொண்டுவந்து போட்டதே ஆறுதான் என்று அப்போது தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்தார், நான்கூடக் கிண்டல் செய்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் குச்சிக்கு இந்தப் பக்கம் இரண்டு அடி தள்ளித் தண்ணீர். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினோம்.

மேட்டுக்கு வந்தபிறகு இன்னொன்று தெரிந்தது, அங்கே குளிரும் குறைவு. குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தின் அடியில் தேங்கிவிடும். காலையில் கீழே முழுக்க மூடுபனி, எங்கள் பழைய இடமே தெரியவில்லை. கொஞ்சம் மேலே இருந்த எங்கள் போர்வை அவ்வளவாக நனையவில்லை.

* * *

எனக்கு நீளமாக எழுத வராது. மலை மறைப்பதால் உள்ளே சிக்னல் கிடைக்காது, மேப்பை முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். எந்த வழி போகிறோம், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேட வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கழுத்தில் ஒரு விசில். ஆற்றுச் சத்தத்தில் பத்தடியில் கத்தினாலும் கேட்காது, மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று எல்லோரும் முதலிலேயே பேசி வையுங்கள். நாங்கள் பேசி வைக்கவில்லை. நான் ஊதினேன், முன்னால் போனவன் ஜாலிக்கு ஊதுகிறேன் என்று நினைத்துத் திருப்பி ஊதினான்.

* * *

அண்ணா, எனக்கு நல்லா நீச்சல் வரும், அப்பவும் ஜாக்கெட் கட்டாயமா? அடுத்த மாசம் போறோம், அதான் கேக்கறேன்.

* * *

கட்டாயம் தம்பி. கவிழ்ந்த நண்பன் எங்கள் ஐந்து பேரில் நன்றாக நீந்துகிறவன். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் விழுந்த உடனே மூச்சு தானாக இழுக்கும், அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வரும் வரை தலையை மேலே வைத்திருக்க ஜாக்கெட்தான் வேண்டும், நீச்சல் எல்லாம் அதற்கு அப்புறம். தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கினால் காதுக்கு வரக் கூடாது, அந்த அளவுக்கு இறுக்கமாகக் கட்டு.

நாளும் எத்தனை என்று சொல்லவில்லையே? மூன்று நாள் என்றால் ஆற்றை முதல் நாள் காலையிலேயே வை. தண்ணீர் சரியில்லை என்றால் தள்ளிப்போட இன்னும் இரண்டு காலை கையில் இருக்கும். நான் இரண்டாவது ஆற்றுப் பயணத்தைக் கடைசி நாளில் வைத்துவிட்டு ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.